இன்ரநாஷனல் அண்ணையின் இடது கை

யாழ்ப்பாணத்துத் தீவுகள் அத்தனையிலும் ஒரு பொருளை இன்னொருவர் கையில் நேராகக் கொடுக்கத் தெரியாத மனிதர் ஒருவர்தான் இருந்தார். புளிக்குத் தேசிக்காய், குளிக்கச் சவர்க்காரம், கதவுப் பூட்டுக்குத் திறப்பு, எதுவானாலும் அவருடைய இடது கையிலிருந்து சுழன்றுகொண்டுதான் புறப்படும். நீங்கள் கையை நீட்டிக்கொண்டு நிற்பீர்கள். அது உங்களை நோக்கி நேரே வரும். நம்பி விரல்களை மடக்குவீர்கள். அது உங்களுக்கு முன்னால் நிலத்தில் ஒருமுறை குத்தி, வலப்பக்கம் திரும்பி, வேலிக்குள் போய்ப் படுத்துக்கொள்ளும். "வடிவான ரேண்", அழகான திருப்பம், என்று அவர் தனக்குத் தானே சொல்லிக்கொள்வார். வேலிக்குள் கையை விட்டுத் தேடுவது உங்கள் வேலை.

அவருக்கு அம்மா அப்பா வைத்த பெயர் ஒன்று இருந்திருக்கத்தான் வேண்டும். புங்குடுதீவில் நான் இருந்த காலத்தில் அதை ஒருவரும் சொல்லிக் கேட்டதில்லை. பெரியவர்களுக்கு அவர் 'இன்ரநாஷனல்'. எங்களைப் போன்றவர்களுக்கு 'இன்ரநாஷனல் அண்ணை'.

எனக்கு முதல் அரசாங்க நியமனம் புங்குடுதீவில் ஒரு கந்தோரில் கிடைத்தது. தங்க இடம் தேடினேன். பாதி வீடுகள் பூட்டிக் கிடக்கிற தீவில் அறைக்கு என்ன பஞ்சம் என்று நினைத்தேன். வீடு இங்கே இருக்கும், திறப்பு கனடாவில் இருக்கும் என்பது பிறகுதான் தெரிந்தது. கடைசியில் கந்தோர்க்காரர் ஒருவர், "இன்ரநாஷனல் வீட்டிலை ஒரு அறை கிடக்கு. ஆனா நீர் கொஞ்சம் குனிஞ்சு நிமிர வேண்டி வரும்" என்றார். கூரை தாழ்வாக இருக்கும் என்று எண்ணிக்கொண்டு போனேன்.

வேலிப் படலையடியில் ஐம்பது வயதைத் தாண்டிய ஒரு மெலிந்த மனிதர் நின்றார். தலையில் கம்பளித் தொப்பி. வெயிலோ கொளுத்திக்கொண்டிருந்தது.

"நீர்தானோ கந்தோருக்கு வந்த தம்பி?"

"ஓம் அண்ணை."

"இந்தாரும் அறைத் திறப்பு."

திறப்பு வந்தது. குத்தியது. திரும்பியது. செவ்வரத்தைச் செடிக்குள் போனது. நான் குனிந்து தேட, அவர் மேலே நின்று விளக்கம் சொன்னார்: "முன்னுக்கு ஒரு கால் எடுத்து வச்சு வந்திருக்க வேணும். நீர் கிரீசுக்குள்ளையே நிண்டிட்டீர்."

குசினிக்குள்ளிருந்து ஒரு பெண் குரல் வந்தது. "எட கோதாரி, வாற பெடியனையும் வெருட்டிக் கலையாதை!"

அது அவருடைய அக்கா. அவரை விட ஏழெட்டு வயது மூத்தவர். புருஷனை இழந்தவர். இடம்பெயர்ந்து எங்கெங்கோ இருந்துவிட்டு, தாய் தகப்பன் வாழ்ந்த அந்த வீட்டுக்கு முதலில் திரும்பி வந்து பற்றை வெட்டியவர். தம்பி வெளிநாட்டிலிருந்து வந்து சேர்ந்தது பிறகு. அவர் கலியாணம் செய்யவில்லை. ஏன் என்று கேட்டால், "பீல்டிங் செற் பண்ணி முடிக்கேல்லை" என்பார்.

இனி, 'இன்ரநாஷனல்' என்ற பட்டம் வந்த கதை. இருபது வயதாக முந்தியே, சண்டைக்குப் பயந்து தீவு முழுவதும் ஓடிக் காலியான காலத்தில், அவர் வெளிநாடு போய்விட்டார். போய்ச் சேர்ந்தது வடக்கே ஒரு பனி நாட்டில். பெயரை எழுதினால் அந்த நாட்டுக்காரர் மனம் நோகக்கூடும், ஆகவே விட்டுவிடுகிறேன். பகலில் மீன் வெட்டுகிற தொழிற்சாலையில் வேலை. பள்ளிக்கூடத்தில் இடது கைச் சுழல்பந்து போட்டுப் பழகியவர் சும்மா இருப்பாரா? அங்கும் ஒரு கழகத்தைத் தேடிப் பிடித்தார். அப்படியே ஏறி ஏறி, அந்த நாட்டின் தேசிய அணிக்கே போய்விட்டார்.

"பாகிஸ்தான்காரர் நாலு பேர், ஆப்கான்காரர் ரெண்டு பேர், இந்தியாக்காரர் மூண்டு பேர், நான்" என்று அவர் அணியை ஒப்புவிப்பார். "அந்த நாட்டுக்காரன் ஒருத்தனும் நிண்டவன். அவனுக்குக் கிரிக்கெட் தெரியாது. ஆனா தேசிய ரீம் எண்டு படம் எடுக்கேக்கை அந்த நாட்டு முகம் ஒண்டாவது வேணுமெல்லே?"

மட்ச் தொடங்க முன்னர் தேசிய கீதம் பாட வேண்டும். அவருக்கு முதல் இரண்டு வரிதான் பாடம். மிச்சத்துக்கு என்ன செய்தீர்கள் என்று கேட்டேன்.

"பள்ளிக்கூடத்திலை படிச்ச தேவாரத்தைப் பாடினனான். ராகம் ஒருமாதிரி ஒத்து வந்தது. பக்கத்திலை நிண்ட ஆப்கான்காரன் அதுதான் சரியான பாட்டெண்டு நினைச்சு என்னைப் பாத்துப் பாடினவன்."

குளிரில் விரல் விறைத்துவிடுமாம். பந்து போடுகிற முறை வரும்வரை இடது கையைக் கமக்கட்டுக்குள் வைத்துக்கொண்டு ஒற்றைக் கையோடுதான் பீல்டிங். ஒரு தரம் பக்கத்து நாட்டுக்கு எதிராக ஐந்து விக்கெட் எடுத்தார். ஆட்டநாயகனுக்குப் பரிசு ஒரு பெரிய மீன். "முதல் நாள் ஃபக்டரியிலை அதின்ரை குடலை எடுத்ததே நான்தான்" என்பார். "என்னைப் பாத்து முழுசிக்கொண்டு கிடந்தது."

ஊர் இதையெல்லாம் நம்பியதா என்றால், பாதி. சந்தித் தேத்தண்ணிக் கடைக்காரருக்கு அந்தப் பாதியும் இல்லை. "பனி கொட்டுற நாட்டிலை கிரிக்கெட்டோ? சும்மா விடும். எங்கடை கேணியிலை கப்பல் வந்து நிண்டதெண்டும் சொல்லுமன்" என்று எல்லோருக்கும் கேட்கச் சொல்வார். பட்டத்தை வைத்ததே அவர்தான். கேலிக்கு வைத்த பெயர், காலப்போக்கில் கேலி தேய்ந்து, வெறும் பெயராக நின்றுவிட்டது.

இவரோடு வெளியே போவது ஒரு சோதனை. எந்த இடத்துக்குப் போனாலும் முதலில் நிலத்தைப் பார்ப்பார். கலியாண வீட்டுப் பந்தலுக்குள் கம்பளத்தைத் தூக்கிப் பார்ப்பார். செத்த வீட்டில் எல்லோரும் தலை குனிந்து நிற்க, இவரும் குனிவார். குனிந்து பெருவிரலால் முற்றத்து மண்ணை அழுத்திப் பார்த்துவிட்டு, என் காதுக்குள், "மத்தியானத்துக்குப் பிறகு நல்லாத் திரும்பும்" என்பார்.

ஒரு முறை மூவரும் நயினாதீவு அம்மன் கோயிலுக்குப் படகில் போனோம். அக்கா நேர்த்திக்குச் சிதறு தேங்காய் ஒன்றைத் தம்பியின் கையில் கொடுத்தார். அது அக்கா செய்த பிழை. எல்லோரும் தலைக்கு மேலே தூக்கி ஓங்கி அடிக்கிற கல். இவர் மூன்றடி பின்னால் போனார். அக்கா "வேண்டாம்டா" என்று சொல்லி முடிக்க முதல் தேங்காய் புறப்பட்டுவிட்டது. கல்லுக்கு ஒரு சாண் முன்னால் குத்தி, கல்லை விட்டு விலகி, சனத்தின் கால்களுக்குள்ளால் ஓடி, கொழும்பிலிருந்து குடும்பத்தோடு வந்திருந்த ஒரு முதலாளியின் பெருவிரலில் முட்டி நின்றது. தேங்காயில் ஒரு கீறல் இல்லை. முதலாளி அதை இரண்டு கையாலும் எடுத்துக் கண்ணில் ஒற்றி, அம்மன் தனக்கு அனுப்பியது என்று பைக்குள் வைத்துக்கொண்டார்.

வீட்டின் பின்வளவில் அவர் ஒரு பிச் போட்டிருந்தார். மண் சுமந்து, தண்ணீர் தெளித்து, உருளைக்குப் பதிலாகத் தார்ப் பீப்பாவை உருட்டி அமைத்தது. அதன் ஒரு முனையில் விக்கெட்டுக்கு மூன்று பனைமட்டை. விடிந்ததும் பழைய தேசிய அணிச் சட்டையைப் போட்டுக்கொண்டு தனியே பந்து போடுவார். அந்தச் சட்டை இரண்டு இருந்தது. மற்றதை அக்கா குசினிக்கு எடுத்துவிட்டார். நெஞ்சில் சிங்கமும் கிரீடமும் பதித்த ஒரு நாட்டின் சின்னம் எங்கள் வீட்டில் தினமும் சோற்றுப்பானை இறக்கியது.

பந்து போடுகிற அழகைப் பற்றி நான் அதிகம் எழுதப் போவதில்லை. ஐந்து அடி மெதுவாக நடந்து, இரண்டு அடி துள்ளி, கை காதை உரசிக்கொண்டு மேலே போகும். பந்து மேலே ஏறி, ஒரு கணம் யோசித்து, இறங்கும். நடு மட்டையில் குத்தப் போகிறது என்று நினைக்கும்போது திரும்பி வெளி மட்டையைத் தட்டும். நான் பல் தீட்டிக்கொண்டு பார்த்து நின்று, பல தரம் பற்பசையை விழுங்கியிருக்கிறேன்.

ஆனால் ஒரு மனிதருக்கும் அவர் பந்து போட மாட்டார். ஊர்ப் பெடியன்கள் எத்தனை தரம் வந்து கேட்டார்கள்! "தோள் நோகுது." "காத்து இண்டைக்குச் சரியில்லை." "செவ்வாய்க்கிழமையடா, செவ்வாய்க்கிழமை ஸ்பின் போடக்கூடாது." பெடியன்கள் சிரித்துக்கொண்டு போவார்கள். தேத்தண்ணிக் கடையில் அன்றைக்கு அதுதான் கதை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை நான் ஒரு துடுப்பை இரவல் வாங்கிக்கொண்டு போய்ப் பனைமட்டைக்கு முன்னால் நின்றேன்.

"அண்ணை, எனக்கு ஒண்டு போடுங்கோ. நான் ஆருக்கும் சொல்லமாட்டன்."

என்னைக் கனநேரம் பார்த்தார். பிறகு ஓடி வந்தார். கை மேலே போனது. அங்கேயே நின்றது. பந்தைப் பிடித்தபடி என்னைக் கடந்து இரண்டு அடி ஓடிவிட்டார். திரும்பிப் போய் மறுபடி வந்தார். இந்த முறை பந்து அவருடைய குதிக்காலுக்குப் பின்னால் பொத்தென்று விழுந்தது. பகிடி விடுகிறார் என்று நான் விழுந்து விழுந்து சிரித்தேன். முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. வியர்த்துக் கொட்டிக்கொண்டிருந்தது. இடது கையை வலது கையால் பிடித்துக்கொண்டு, அது தன் கைதானா என்பது போலப் பார்த்தார்.

"வெக்கை" என்றார். "முருங்கைக்காய் ஆய்ஞ்சு தரச் சொன்னவ அக்கா." போய்விட்டார்.

நான் குசினிக்குப் போனேன். அக்கா தேங்காய் திருவிக்கொண்டிருந்தார்.

"அண்ணைக்கு என்ன அக்கா? ஆள் நிண்டால் பந்து கையை விட்டுப் போகுதில்லை."

"நல்லது" என்றார் அக்கா, தலை நிமிராமல். "அந்தக் கண்டறியாத பந்து அண்டைக்கும் போகாமல் இருந்திருந்தால் நான் அம்மனுக்குப் பொங்கிப் படைச்சிருப்பன்."

"எண்டைக்கு?"

திருவலை நிறுத்தினார். "அப்பா செத்த அண்டைக்கு. வன்னியிலை, ஒரு கொட்டிலுக்குள்ளை. பெத்த பிள்ளை இருந்தும் கொள்ளி வச்சது பக்கத்துக் கொட்டில்காரன். அண்டைக்கு இவர் தொப்பியும் போட்டுக்கொண்டு கிரவுண்டிலை நிண்டவர். அங்கையிருந்து வந்த ஆள் ஒண்டு பிறகு எனக்குச் சொன்னது."

"நீங்கள் அண்ணையைக் கேட்டீங்களோ?"

"ஏன் கேக்க? வந்தவனுக்குச் சமைச்சுப் போடுறன். அது வேறை, இது வேறை."

கதவடியில் அவர் நின்றார். கையில் முருங்கைக்காய்க் கட்டு. உள்ளே வந்து அதை மேசையில் வைத்தார். எறியவில்லை, உருட்டவில்லை. வைத்தார். அவர் ஒரு பொருளை அப்படி வைத்ததை நான் அன்றுதான் கண்டேன்.

"அக்கா, அண்டைக்கு நான் போடேல்லை."

"என்னத்தை?"

"பந்தை." மேசையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "விடியக் கொழும்பிலையிருந்து போன் வந்தது. சண்டையாலை பாதை பூட்டு, வந்தாலும் வன்னிக்குள்ளை போக ஏலாது, வராதை எண்டு சொல்லிச்சினம். அறையிலை நான் தனிய. சுவரைப் பாத்துக்கொண்டு எவ்வளவு நேரம் இருக்கிறது? கிரவுண்டிலையெண்டால் பத்துப் பேர் நிப்பினம். அதுதான் போனனான். ஆருக்கும் ஒண்டும் சொல்லேல்லை. கப்டன் பந்தைத் தந்தான். ஓடி வந்தன். கை மேலை போச்சுது, விடேல்லை. திரும்ப ஓடினன். திரும்பவும் விடேல்லை. அம்பயர் வந்து, உமக்கு வருத்தமோ எண்டு கேட்டார். ஓம் எண்டன். அதோடை என்ரை கிரிக்கெட் சரி. இண்டைவரைக்கும் ஆரும் பட்டோடை முன்னுக்கு நிண்டால் இந்தக் கை விடுகுதில்லை."

அடுப்பில் ஏதோ கொதித்துப் பொங்கியது.

"ஏன்டா இவ்வளவு நாளும் சொல்லேல்லை?"

"நீ கேக்கேல்லை."

"நான் கேக்காட்டி நீ சொல்லக்கூடாதோ?"

"இன்ரநாஷனல் பிளேயர், பந்து கையை விட்டுப் போகுதில்லையெண்டு ஆரிட்டைச் சொல்லுறது?"

அக்கா அந்தச் சிங்கச் சட்டையால் பானையைப் பிடித்து இறக்கினார். இறக்கியவர் அதால் மூக்கையும் துடைத்தார். "கையைக் கழுவிப்போட்டு வா. சோறு ஆறுது" என்றார். பொரித்த மீனில் வழக்கமாக எனக்கு வருகிற பெரிய துண்டு அன்று அண்ணையின் சோற்றுக் கோப்பைக்குப் போனது. நான் வால் துண்டைச் சாப்பிட்டேன்.

அடுத்த நாள் விடிய நான் பல் தீட்டிக்கொண்டு பின்வளவுக்குப் போனால், பனைமட்டைக்கு முன்னால் அக்கா நிற்கிறார். கணுக்கால் வரை தொங்கும் சோட்டியை ஒரு கையால் தூக்கிப் பிடித்திருக்கிறார். மற்றக் கையில் வீடு கூட்டுகிற தும்புத்தடி.

"விலகு அக்கா."

"விலகமாட்டன். போடு."

"அடி பட்டுப்போம்."

"நான் படாத அடியோ? போடு பாப்பம்."

ஓடி வந்தார். கை விடவில்லை. "திரும்பப் போடு." விடவில்லை. "பொறு, உலை கொதிக்குது, பாத்திட்டு வாறன்." போய்ப் பார்த்துவிட்டு வந்து மறுபடி தும்புத்தடியோடு நின்றார். அதற்குப் பிறகு தினமும் இதே கூத்து. கிரிக்கெட்டைப் பற்றி அக்காவுக்குத் தெரிந்ததெல்லாம் அது வீட்டைக் கெடுக்கும் என்பதுதான். இருந்தாலும் இரண்டு கிழமைக்குள் கால் அகட்டி, தடியை நிலத்தில் இரண்டு தட்டுத் தட்டி, பீல்டிங்கைச் சுற்றிப் பார்க்கிற பழக்கம் எங்கிருந்தோ வந்துவிட்டது. பீல்டிங்குக்கு நின்றது நானும் ஒரு பூவரச மரமும்.

ஒரு நாள் அண்ணை ஓடி வந்துகொண்டிருக்கும்போது பக்கத்து வளவு ஆடு வேலியால் புகுந்து அக்காவின் கீரைப் பாத்தியில் வாயை வைத்தது. அக்கா தலையைத் திருப்பி "சூய், நாசமாப் போனதே!" என்று கத்தினார். பந்து வந்தது. மேலே ஏறி, யோசித்து, இறங்கி, குத்தித் திரும்பி, அக்காவின் கணுக்காலில் போய்த் தாக்கியது.

"ஐயோ அம்மா! என்ரை கால்! விசரா, பாத்துப் போடமாட்டியே?" அக்கா ஒற்றைக் காலில் துள்ளினார். துள்ளிக்கொண்டே ஏச்சு. ஏசிக்கொண்டே போனவர் சட்டென்று நிறுத்தினார். தடியைக் கீழே போட்டார். "எடேய்" என்றார் மெதுவாக.

அண்ணை பிச்சின் நடுவில் சப்பாணி கட்டி இருந்துவிட்டார். இடது கையை மடியில் வைத்துக்கொண்டு சத்தமாக அழுதார். அப்பாவுக்கு அழுதாரா, பந்துக்கு அழுதாரா, நான் கேட்கவில்லை. அக்கா நொண்டி நொண்டிப் போய்ப் பக்கத்தில் இருந்தார். ஆடு கீரை முழுவதையும் தின்று முடித்தது. அதைக் கலைக்க ஒருவரும் எழும்பவில்லை.

அந்த வருடம் பக்கத்துத் தீவின் கரம்பொன் அணியோடு எங்கள் ஊர்க் கழகத்துக்கு ஒரு மட்ச் இருந்தது. இன்ரநாஷனல் அண்ணைக்குக் கொடி ஏற்றுகிற வேலை கொடுத்திருந்தார்கள். பாதி ஆட்டத்தில் எங்கள் பந்துவீச்சாளன் ஒருவனுடைய காலில் முள் ஏறிவிட்டது. கழகத் தலைவன் தயங்கித் தயங்கி வந்தான்.

"அண்ணை, ஒரு ஓவர் போடுவீங்களோ?"

தேத்தண்ணிக் கடைக்காரர் வாய் நிறைய வெற்றிலையோடு முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார். அக்கா குடை பிடித்தபடி கதிரையை விட்டு எழும்பினார். நான் புள்ளி எழுதுகிற மேசையில் இருந்தேன். பந்துவீச்சாளர் பெயருக்கு 'இன்ரநாஷனல்' என்று எழுதினேன்.

முதல் பந்து கையை விட்டுப் போகவில்லை. மைதானம் சிரித்தது. கடைக்காரர் துப்பிவிட்டு வந்து சிரிப்போம் என்று எழும்பினார். அண்ணை திரும்பி நடந்தார். தன் குறியில் நெடுநேரம் நின்றார். பிறகு மெதுவாக நடந்து, துள்ளி, கையைத் தூக்கினார்.

பந்து போனது. கரம்பொன்காரப் பெடியன் ஒரு கால் முன்னால் வைத்துத் தூக்கி அடித்தான். அது தென்னைக்கு மேலால் கடற்பக்கமாகப் போய் மறைந்தது. அண்ணை இரண்டு கையையும் உயர்த்திக்கொண்டு ஓடிப்போய் அந்தப் பெடியனைக் கட்டிப்பிடித்தார். அவன் பயந்துபோனான். அடுத்ததும் ஆறு. அதற்கும் கை தட்டினார். அதற்கு அடுத்தது நாலு. கடைசிப் பந்து அபாரமாகத் திரும்பியது. துடுப்பை ஏமாற்றி, விக்கெட்டை ஏமாற்றி, எங்கள் விக்கெட் காப்பாளனையும் ஏமாற்றி எல்லைக்கோட்டைத் தாண்டியது. ஒரு விக்கெட்டும் விழவில்லை. மட்ச்சையும் தோற்றோம். அதற்கு அந்த ஓவர்தான் காரணம் என்பதில் இரு அணிக்கும் கருத்து வேறுபாடு இல்லை.

அண்ணை வியர்க்க விறுவிறுக்க வந்தார். கடைக்காரர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் அக்கா குடையை அவர் மூக்குக்கு நேரே நீட்டிக்கொண்டு சொன்னார்: "என்ரை தம்பி நல்லாப் போட்டவன்."

"அக்கா, அவன் ரெண்டு சிக்ஸெல்லே அடிச்சவன்" என்றார் அண்ணை.

"அடிச்சா அடிக்கட்டுமன். பந்து அங்கை போனதெல்லே?"

கடைக்காரர் குடையை மெல்ல ஒதுக்கிவிட்டு, "அந்தக் கடைசிப் பந்து மெய்யாத் திரும்பினது" என்றார். பனி நாட்டைப் பற்றிப் பிறகு அவர் பேசியதில்லை.

அதற்குப் பிறகு எனக்கு யாழ்ப்பாணத்துக்கு இடமாற்றம் வந்தது. இப்போது பெரிய கட்டடம், மின்விசிறி, கேட்டதை நேராகக் கையில் தருகிற மனிதர்கள். எல்லாம் வசதிதான். ஆனாலும் பின்னேரங்களில் பஸ் நிலையத்தால் போகும்போது, புங்குடுதீவுக்குப் போகிற பஸ் புறப்பட நின்றால், அலுவல் ஒன்றும் இல்லாவிட்டாலும் ஏறி யன்னலோரமாக இருந்துவிட வேண்டும் போல இருக்கிறது. இரண்டொரு தரம் இருந்தும் விட்டேன்.